பேய் எந்த மொழி பேசுகிறது?

(வலியசாலையில் நடந்த நம் சங்கக் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை. படிப்பதற்கு ஏற்பச் சிறிது சுருக்கித் தரப்படுகிறது.)





இன்றைய கூட்டத்தின் தலைப்பைப் பார்த்துவிட்டுச் சில தோழர்கள் கேட்டார்கள்: "கூலிப் பிரச்சினை இருக்கிறது, ரேஷன் அட்டைப் பிரச்சினை இருக்கிறது, வீட்டு வாடகை இருக்கிறது, இவ்வளவும் இருக்கும்போது சங்கத்துக்குப் பேய்க்கதை எதற்கு?" கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் சொல்லிவிட்டே மேலே போவோம்.

சாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்குகிறோம். பூக்கட்டுகிறோம். முறுக்கு சுற்றுகிறோம். ஆக்ரி எடுக்கிறோம், இஸ்திரி போடுகிறோம். பகல் முழுவதும் உழைத்துவிட்டு வீடு திரும்பினால் தொலைக்காட்சியில் படம் ஓடுகிறது. பிள்ளைகள் கையில் கைப்பேசி இருக்கிறது. அதில் ஓடுவதில் பாதி பேய்ப்படம். கூலி யார் கையில் இருக்கிறது என்பதை நாம் கவனிக்கிறோம். கதை யார் கையில் இருக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டாமா? யாரைக் கண்டு பயப்பட வேண்டும், யாரைச் சந்தேகிக்க வேண்டும் என்று ஒரு குழந்தைக்கு முதன்முதலில் சொல்லிக் கொடுப்பது சட்டப் புத்தகமா? பேய்க்கதைதான். அந்தப் பயத்தோடு வளர்ந்தவர்தான் பிறகு வீடு வாடகைக்கு விடுகிறார், வேலைக்கு ஆள் எடுக்கிறார், காவல் நிலையத்தில் உட்கார்கிறார். ஆகவே இது நம் சங்கத்தின் வேலைதான்.

பேய் உண்டா இல்லையா என்று விவாதிக்க இங்கே கூடவில்லை. பேய் இல்லை, அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் பேய்க்கதை உண்டு. அதைச் சொல்கிறவர்கள் உண்டு, அதனால் பிழைக்கிறவர்களும் உண்டு, அதனால் அடிபடுகிறவர்களும் உண்டு. எந்தப் பேய்க்கதையைக் கேட்டாலும் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழகுவோம் என்பதே இன்றைய பேச்சின் சாரம். ஒன்று: முதலில் செத்தது யார், கொன்றது யார்? இரண்டு: பேய் எந்த மொழி பேசுகிறது? மூன்று: கடைசியில் பேயை அடக்கிய பிறகு நிம்மதியாகத் தூங்கப் போவது யார்?

நீலியின் கண்ணீர்

நம் தமிழிலிருந்தே தொடங்குவோம். "நீலிக் கண்ணீர் வடிக்காதே" என்று நம் வீடுகளில் சொல்கிறோம். பொய்யாக அழுகிறவளை அப்படிச் சொல்வது வழக்கம். அந்த நீலி யார்?

திருவாலங்காட்டை அடுத்த பழையனூரில் வழங்கிய கதை அது. சம்பந்தர் தேவாரத்திலேயே அதற்குக் குறிப்பு உண்டு என்றால் எவ்வளவு பழையது என்று பாருங்கள். முற்பிறவியில் ஒரு பெண்ணை அவள் கணவனே காட்டில் வைத்துக் கொன்றான். மறுபிறவியில் அவன் வணிகனாக வந்தான். அவள் பேயாக வந்தாள். கள்ளிக் கொப்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "இவர் என் கணவர், என்னைக் கைவிடப் பார்க்கிறார்" என்று ஊர்ச் சபையின் முன் அழுதாள். வேளாளர் 70 பேர், "இவனுக்குத் தீங்கு வந்தால் நாங்கள் உயிர் தருகிறோம்" என்று வணிகனுக்குப் பிணை நின்று, அவளோடு அவனை அனுப்பினார்கள். இரவில் அவள் பழி தீர்த்தாள். 70 பேரும் சொன்ன சொல் தவறாமல் தீக்குளித்தார்கள்.

இந்தக் கதையில் மொழியில் தங்கியது எது? 70 பேரின் வாக்குத் தவறாமை தங்கியது. நீலியின் பொய்க் கண்ணீர் பழமொழியாகத் தங்கியது. ஆனால் முதலில் நடந்த கொலை எங்கே போயிற்று? கட்டிய மனைவியைக் காட்டில் கொன்றவனைப் பற்றி ஒரு பழமொழி தமிழில் உண்டா? இல்லை. கொலை செய்தவன் பெயர் மறந்துபோயிற்று; கொலையுண்டவள் அழுதது மட்டும் வசையாகிவிட்டது. அன்று முதல் இன்று வரை காவல் நிலையத்தில் போய் அழுகிற பெண்ணிடம், "நீலிக் கண்ணீர் வடிக்காதே" என்று சொல்ல ஒரு சொல் தயாராக இருக்கிறது. ஒரு பேய்க்கதை செய்யக்கூடிய சமூக வேலை இதுதான்.

இதே நீலி தெற்கே வந்தபோது இன்னும் தெளிவாகப் பேசினாள். நாகர்கோவில் பக்கத்துக் கள்ளியங்காட்டு நீலியை வில்லுப்பாட்டில் கேட்டவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். அங்கே கொலையுண்டவள் தாசி குலத்துப் பெண். அவளுடைய நகைகளுக்காகக் கொன்றவன் அவளைக் காதலித்த கோயில் பூசாரி. இங்கே சாதி வருகிறது, பணம் வருகிறது, பெண்ணின் மேல் ஆணுக்குள்ள அதிகாரம் வருகிறது. எல்லாம் கதையின் முதல் பாதியிலேயே ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது. ஆரல்வாய்மொழிக்கு அருகே முப்பந்தலில் அவளை இசக்கியம்மன் என்று கும்பிடுகிறார்கள். குழந்தை வேண்டுமென்று மண் பொம்மையும் தொட்டிலும் நேர்ந்து வைக்கிறார்கள். இதில் உள்ள மூட நம்பிக்கையை நாம் ஏற்கவில்லை. ஆனாலும் படிப்பில்லாத நம் பாட்டிமார்கள் ஒரு நியாயத்தை உணர்ந்திருக்கிறார்கள்: அநியாயமாகச் செத்தவளிடம் ஊர் கடன்பட்டிருக்கிறது என்று. அந்த உணர்வு நமக்கு வேண்டும்.

ஆணி அடித்த கதை

மேல்தட்டில் எழுதிவைத்த கதை வேறு விதமாகப் போயிற்று. கொட்டாரத்தில் சங்குண்ணி 1909 முதல் வெளியிட்ட 'ஐதிஹ்யமாலை' என்ற மலையாளத் தொகுப்பில் கடமற்றத்துக் கத்தனாரின் கதை இருக்கிறது. பத்மநாபபுரத்துக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடையே, அதாவது நாம் பேருந்தில் ஊருக்குப் போய்வருகிற அதே வழியில், ஒரு யட்சி இருந்தாளாம். அழகான பெண்ணாக வந்து வழிப்போக்கனிடம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பாளாம். பேச்சுக் கொடுத்தவனைக் கொன்று தின்பாளாம். மந்திரம் தெரிந்த கத்தனார் அவள் தலையில் இரும்பாணி அடித்தார். உடனே அவள் அடங்கிய பெண்ணாகி, ஏவிய வேலையைச் செய்துகொண்டு பின்னால் நடந்தாள்.

தோழர்களே, பேய் என்பதை எடுத்துவிட்டு இதைப் படியுங்கள். இரவில் தனியாக நடமாடுகிற பெண், தானாக ஓர் ஆணிடம் பேசுகிற பெண் ஆபத்தானவள். தலையில் ஆணி இறங்கியவள் நல்லவள். இதைவிட வெளிப்படையாகப் பெண்ணடிமைத்தனத்தைச் சொல்ல முடியுமா?

அக்கதையில் இன்னொரு ஆளும் உண்டு. கத்தனார் தமக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அவளைத் தங்கவைக்கிறார். அங்கிருந்த கிழவி அவள் தலையைக் கோதிவிடும்போது ஆணி கையில் தட்டுப்படுகிறது. ஐயோ பாவம் என்று பிடுங்கிவிடுகிறாள். யட்சி மறைந்துபோகிறாள். கத்தனாருக்கு இருந்த புகழ் அந்தக் கிழவிக்குக் கிடைக்கவில்லை. அவள் பெயரையும் யாரும் சொல்வதில்லை. ஆனால் அவளிடம் திரும்பவும் வருவோம்.

இது நம் நாட்டில் மட்டும் உள்ள வழக்கமும் அன்று. 1897-ல் பிராம் ஸ்டோக்கர் எழுதிய 'டிராகுலா' நாவலில் லூசி என்ற இளம்பெண் இரத்தம் குடிக்கும் பேயாகிறாள். அவளை மணக்க இருந்தவனே அவள் நெஞ்சில் கட்டையை அடித்து இறக்குகிறான். அங்கே கட்டை, இங்கே ஆணி. டிராகுலா யார் என்றும் பாருங்கள். கிழக்கே இருந்து கப்பலில் இங்கிலாந்துக்கு வருகிறவன். தன் ஊர் மண்ணைப் பெட்டிகளில் நிரப்பி எடுத்துக்கொண்டு வருகிறான், அந்த மண்ணில்தான் அவனால் தூங்க முடியும். உலகத்தையே ஆண்ட பேரரசின் தலைநகரம், வெளியூரிலிருந்து வருகிற ஒருவனைக் கண்டு நடுங்கியது! ஊர் மண்ணைக் கூடவே கொண்டுவருகிறவன் என்பதே அவனைப் பேயாக்கப் போதுமான அடையாளமாயிற்று. பிழைக்க வந்த நமக்கு இது புரியாததா?

தஞ்சாவூரிலிருந்து வந்த நாகவல்லி

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். பேய் எந்த மொழி பேசுகிறது?

1993-ல் வந்த 'மணிச்சித்திரத்தாழ்' படத்தைப் பார்க்காத வீடு இந்த ஊரில் இருக்காது. இயக்கியவர் பாசில்; கதை மது முட்டம். தஞ்சாவூரிலிருந்து நாகவல்லி என்ற நாட்டியப் பெண்ணை மாடம்பள்ளித் தறவாட்டுக் காரணவர் சங்கரன் தம்பி கொண்டுவந்து வைத்துக்கொள்கிறார். அவள் மனமோ ராமநாதன் என்ற நாட்டியக்காரனிடம் இருக்கிறது. அதை அறிந்த தம்பி அவளைக் கொன்றுவிடுகிறார். அவள் பேயானாள் என்று சொல்லித் தெக்கினியில் வைத்துப் பூட்டுகிறார்கள். பல தலைமுறைக்குப் பின் அந்த வீட்டுக்கு வந்த கங்கை என்ற பெண் தன்னையே நாகவல்லியாக எண்ணிக்கொள்ளும்போது, அவள் வாயிலிருந்து தமிழ் வருகிறது. கங்கையாகவும் நாகவல்லியாகவும் நடித்த ஷோபனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது.

நல்ல படம். இன்றும் அலுக்காத படம். மந்திரவாதத்தைத் தள்ளி மனநோய் என்று சொன்ன படம். இதையெல்லாம் மறுக்கவில்லை. ஆனால் கவனியுங்கள்: அமைதியான மனைவியாக இருக்கும்போது அவள் பேசுவது மலையாளம்; வெறி வந்ததும் தமிழ். மலையாள இரசிகன் திரையரங்கில் முதுகு சில்லிட்டு உட்கார்ந்தது நம் தாய்மொழியைக் கேட்டுத்தான்.

"இது மலையாளியின் குசும்பு" என்று சொல்லிவிட்டு எழுந்துபோய்விடாதீர்கள். இந்தக் கதை ஊர் ஊராகப் போன வழியைப் பாருங்கள். 2004-ல் கன்னடத்தில் 'ஆப்தமித்ரா' ஆயிற்று. அங்கே பேய் தெலுங்கு பேசியது. 2005-ல் தமிழில் 'சந்திரமுகி' ஆயிற்று. நாம் விசிலடித்துப் பார்த்த படம். அதில் சந்திரமுகி எந்த ஊர்? ஆந்திரத்து நாட்டியக்காரி, அவளும் தெலுங்குதான் பேசினாள். 2007-ல் இந்தியில் 'பூல் புலையா' ஆயிற்று. அங்கே பேய் வங்காளத்து மஞ்சுளிகா. மலையாளிக்குத் தமிழச்சி பேய். கன்னடக்காரருக்கும் தமிழனுக்கும் தெலுங்குக்காரி பேய். இந்திக்காரருக்கு வங்காளி பேய். எந்த ஊர்க்காரரும் தம் வீட்டுப் பெண்ணைப் பேயாக்கத் துணியவில்லை. பக்கத்து வீட்டு மொழிதான் எல்லாருக்கும் பேயின் மொழி!

தூரத்து அந்நியனை விட, அடுத்த வாசலில் நின்று வேலை செய்கிறவளைக் கண்டுதான் வீட்டுக்காரருக்குப் பயம் அதிகம். நாட்டியமாடத் தேவை, சமைக்கத் தேவை, பாத்திரம் கழுவத் தேவை. ஆனால் அவள் மனதில் என்ன இருக்கிறது என்று தெரியாது. தான் அவளுக்கு என்ன செய்தோம் என்பது மட்டும் தெரியும். தெரிந்த குற்றம் பயமாகிறது, பயம் பேயாகிறது. திருவிதாங்கூர் அரண்மனைக்குத் தமிழ்நாட்டுக் கலை புதிதல்ல. சுவாதித் திருநாள் அவையில் தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு இருந்தார். நாம் நிற்கிற இந்த வலியசாலையைத்தான் சோழர் கல்வெட்டு சொல்லும் காந்தளூர்ச் சாலை என்று ஆய்வாளர் பலர் கூறுகிறார்கள். போரும் வணிகமும் கலையும் கூலியுமாக ஆயிரம் ஆண்டாக இந்த இரு மக்களும் ஒன்றாகவே கிடக்கிறார்கள். 'பாண்டி' என்பது பாண்டிய நாட்டான் என்ற நல்ல பொருளில் பிறந்த சொல். அது எப்படி வசையாயிற்று என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நம் பிள்ளைகள் பள்ளிக்கூட வாசலில் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறார்கள்.

குரல் கொடுத்தவர்

இந்தப் படத்தில் நம் சங்கம் மறக்கக்கூடாத ஒரு செய்தி இருக்கிறது. நாகவல்லியின் அந்தத் தமிழ்க் குரல் யாருடையது? கங்கைக்கு மலையாளத்தில் குரல் கொடுத்த பாக்கியலட்சுமியே நாகவல்லிக்கும் கொடுத்தார் என்றுதான் நாடு நெடுங்காலம் நம்பியது. 2016-ல்தான் இயக்குநர் பாசில் வெளிப்படையாகச் சொன்னார்: அது துர்கா என்ற தமிழ்ப் பின்னணிக் குரல் கலைஞர் பேசியது என்று. படம் வந்து இருபத்திரண்டு ஆண்டுகள் கழிந்த பிறகு!

கற்பனைத் தமிழச்சியான நாகவல்லியின் பெயர் கேரளத்தின் சிறு குழந்தைக்கும் தெரியும். வயிற்றுப் பிழைப்புக்கு ஒலிப்பதிவுக் கூடத்தில் நின்று தொண்டை வலிக்கக் கத்திய உண்மைத் தமிழச்சியின் பெயர் தெரியவில்லை. நம் உழைப்பு இருக்கிறது, நம் பெயர் இல்லை. அடுக்குமாடியில் நாம் வைத்த கல் இருக்கிறது, நம் பெயர் இல்லை, இதுவும் அப்படித்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2024 ஆகஸ்டில் இப்படத்தைப் புதுப்பித்து மீண்டும் திரையிட்டார்கள். அதே மாதத்தில்தான் நீதிபதி ஹேமா குழுவின் அறிக்கையும் வெளிவந்தது. மலையாளப் படவுலகில் பெண்கள் படும் பாட்டை ஆராய 2017-ல் அமைத்த குழு அது. 2019 டிசம்பரிலேயே அறிக்கையை அரசிடம் கொடுத்துவிட்டது. நான்கரை ஆண்டுக்கு மேல் அது வெளியே வரவில்லை. வந்தபோதும் சில பகுதிகள் நீக்கப்பட்டே வந்தது. திரையில் பெண்ணின் கோபத்தைக் காட்டிக் காசு சேர்த்த தொழிலில், நிஜப் பெண்கள் சொன்னது பூட்டிய அறைக்குள் இருந்தது. தெக்கினிக்கு மட்டுமா பூட்டு?

பாட்டி வீட்டில் விட்டுவந்த குழந்தை

கங்கைக்கு ஏன் அந்த நோய் வந்தது? படத்திலேயே மருத்துவர் சொல்கிறார். ஆட்டமும் பாட்டும் பார்க்கிற அவசரத்தில் நாம் அதைக் கவனிப்பதில்லை. அவளுடைய பெற்றோர் வேலைக்காகக் கல்கத்தாவில் இருந்தார்கள். குழந்தை ஊரில் பாட்டியிடம் வளர்ந்தது. பாட்டி சொன்ன பேய்க்கதைகளே அதற்குத் துணை. திடீரென்று ஒருநாள் பெற்றோர் வந்து கூட்டிப்போகிறார்கள் என்றதும் அந்தச் சின்ன மனம் உடைந்தது. அந்த உடைசல்தான் பல ஆண்டுகளுக்குப் பின் நாகவல்லியாக வெளியே வந்தது.

தாய்மார்களே, இது யார் கதை? தென்காசியிலும் சங்கரன்கோவிலிலும் நாங்குநேரியிலும் பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு இங்கே வந்து வேலை செய்கிறவர்கள் எத்தனை பேர் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள்? திருவிழாவுக்குப் போனால் குழந்தை நம்மிடம் வரத் தயங்குகிறது. திரும்பும்போது பேருந்தைத் துரத்திக்கொண்டு ஓடி வருகிறது. இதில் யார் மேலும் குற்றமில்லை. கூலி ஓரிடத்திலும் குடும்பம் ஓரிடத்திலும் இருக்கும்படி வைத்த அமைப்பின் குற்றம் அது. ஆனால் பிள்ளை பேசாமல் இருந்தால், தூக்கத்தில் அலறினால், "காற்றுக் கருப்பு" என்று கயிறு கட்டுவதற்கு முன்னால் அதன் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். தேவையானால் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். கங்கையைக் குணப்படுத்தியது சவுக்கடி அல்ல. அவளுடைய கோபத்துக்குக் காரணம் உண்டு என்று ஒருவர் ஒப்புக்கொண்டார்; சங்கரன் தம்பி போல் ஒரு பொம்மையை வைத்து அவள் கோபம் தீர வழி செய்தார். நியாயம் நாடகமாகவாவது கிடைத்த பிறகே அவள் இறங்கினாள்.

அந்த வீட்டிலேயே ஸ்ரீதேவி என்றொரு பெண் உண்டு. செவ்வாய் தோஷம் என்று வாழ்க்கை மறுக்கப்பட்டவள். வீட்டில் நடக்கிற எல்லாக் கெடுதலுக்கும் சந்தேகம் முதலில் அவள் மேல்தான் திரும்புகிறது. வாழாத பெண், விதவைப் பெண், பிள்ளையில்லாத பெண் மேல் சந்தேகம் விழுவதற்குப் பேய் தேவையில்லை. நம் தெருவே போதும்.

காது கொடுத்த கதைகள்

எல்லாப் பேய்க்கதையும் ஆணி அடிப்பதில்லை. ஆணி பிடுங்கிய கதைகளும் உண்டு.

வைக்கம் முகம்மது பஷீர் எழுதி, அ.வின்சென்ட் இயக்கி 1964-ல் வந்த 'பார்கவி நிலையம்' அப்படிப்பட்டது. காதல் தோல்வியால் கிணற்றில் விழுந்து செத்த பார்கவி பேயாக அலைகிறாள் என்று ஊர் சொல்கிறது. அந்த வீட்டுக்கு வாடகைக்கு வந்த எழுத்தாளர் அவளிடம் மரியாதையாகப் பேசுகிறார். அவள் கதையை எழுதத் தொடங்குகிறார். எழுத எழுத உண்மை வெளிவருகிறது: அது தற்கொலை அல்ல, உறவுக்காரனே செய்த கொலை. ஊர்க்காரர்கள் பல ஆண்டு விசாரிக்காததை வெளியூரிலிருந்து வந்த ஒரு வாடகைக்காரர் விசாரித்தார். வாடகைக்கு இருக்கிற நமக்கு இதில் ஒரு சின்னப் பெருமை உண்டு.

மலையாற்றூர் ராமகிருஷ்ணனின் 'யட்சி' நாவல் 1967-ல் வந்தது. முகம் கருகிப்போன ஒரு கல்லூரி ஆசிரியனை ஓர் அழகி மணக்கிறாள். என்னைப் போய் இவள் ஏன் விரும்பவேண்டும், இவள் யட்சியாகத்தான் இருப்பாள் என்று அவன் சந்தேகம் வளர்ந்து வளர்ந்து, கடைசியில் அவளைக் கொன்றேவிடுகிறான். யட்சி எங்கே பிறக்கிறாள் என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டுமா?

தமிழில் 2011-ல் வந்த 'காஞ்சனா'வில் கேலியும் கூத்தும் அதிகம்தான். ஆனாலும் மருத்துவமனை கட்ட வாங்கிய நிலத்தை அரசியல்வாதி பறித்துக் கொன்ற திருநங்கையின் பக்கம் நின்று மக்கள் கைதட்டினார்கள். 2024-ல் வந்த 'பிரமயுகம்' இன்னும் ஒரு படி மேலே போயிற்று. அடிமை வாழ்விலிருந்து தப்பியோடும் பாணர் குலத்துப் பாடகன் ஒருவன் ஒரு மனையில் மாட்டிக்கொள்கிறான். அங்கே பயங்கரம் எது? வெள்ளைச் சேலை கட்டிய பெண்ணா? இல்லை. விருந்தாளி என்று அழைத்து, சூதாட்டத்தில் அவன் காலத்தையே பிடுங்கிக்கொள்கிற மனைத் தலைவன். பேயின் ஆசனத்தில் பண்ணையாரை உட்காரவைத்த படம் அது.

உலகத்திலும் இதே போக்குத்தான். அமெரிக்காவில் லவ்கிராஃப்ட் என்ற திகில் எழுத்தாளர் 1925-ல் நியூயார்க்கின் ரெட் ஹூக் பகுதியை வைத்து ஒரு கதை எழுதினார். துறைமுகம் ஒட்டிய பேட்டை, பல நாட்டு ஏழைகள் பல மொழி பேசி வாழும் தெருக்கள். நம் சாலைக் கடைத்தெருவைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மக்களின் நிறமும் பேச்சுமே அவர் கதையில் பயங்கரமாயிற்று. இனவெறி அப்படியே கதையாகிவிட்டது. 2016-ல் விக்டர் லவால் என்ற கறுப்பின எழுத்தாளர் அதே கதையை எடுத்துக்கொண்டு, ஹார்லெமில் வாழும் ஒரு கறுப்பு இளைஞனின் பக்கத்திலிருந்து திருப்பிச் சொன்னார். போலீஸ் அவன் வீட்டில் செய்த அநியாயத்துக்கு முன்னால் பூதம் ஒன்றும் பெரிதல்ல என்று அந்தக் கதை காட்டுகிறது. கதையை எரிக்கவில்லை, கதை சொல்லும் இடத்தை மாற்றினார். நாமும் கற்கவேண்டிய முறை அதுதான்.

கதை தெருவுக்கு இறங்கும்போது

கதை கதையாகவே இருந்துவிடுமா? இருக்காது. 2018-ன் தொடக்கத்தில் கேரளம் முழுவதும் வீட்டுச் சன்னல்களில் கறுப்பு ஒட்டுகள் காணப்பட்டன. பிள்ளை பிடிக்கிறவர்கள் அடையாளம் வைத்துவிட்டுப் போகிறார்கள் என்று வதந்தி பறந்தது. கண்ணாடியில் கீறல் விழாமலிருக்கக் கடைகளில் ஒட்டும் துண்டு அது என்று காவல்துறை விளக்கியது. ஆனால் அதற்குள் பிச்சையெடுக்கிறவர்களும் வெளிமாநிலத்துத் தொழிலாளிகளும் அடிபட்டுவிட்டார்கள். அவர்கள் பேசிய மொழிதான் அவர்களுக்கு எதிரான சாட்சி.

தமிழ்நாட்டில் என்ன நடந்தது? அதே 2018 மே மாதம், வடநாட்டுக் கும்பல் பிள்ளை பிடிக்க வந்திருக்கிறது என்று கைப்பேசியில் வதந்தி. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, சென்னையிலிருந்து கோயிலுக்கு வந்த ஒரு மூதாட்டி வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். ஊரே கூடி அடித்துக் கொன்றது. அவரும் தமிழர்தான்! பேய்க்கதை ஒருமுறை கையில் கட்டையெடுத்துவிட்டால், அடி விழும் முன் மொழியைக்கூட விசாரிப்பதில்லை.

ஆகவே நம்மையும் கேட்டுக்கொள்வோம். நாம் ஒரு காலத்தில் கேட்ட ஏச்சை இப்போது இந்த ஊரில் யார் கேட்கிறார்கள்? வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் வந்த தொழிலாளிகள். எந்த ஊர்க்காரரானாலும் 'பங்காளி' என்று ஒரே பெயர். அவர்கள் குடியிருக்கும் பக்கம் போகாதே என்று நம் வீட்டிலேயே பிள்ளைக்குச் சொல்லவில்லையா? நாகவல்லிக்கு வருந்துகிற நாம் மஞ்சுளிகாவைக் கண்டு கதவைச் சாத்தலாமா?

நல்ல நோக்கமுள்ள கதைக்கும் இந்தக் கண் வழுக்கும். 2025-ல் வந்த 'லோகா' படம் கள்ளியங்காட்டு நீலியைக் கதாநாயகியாக்கியது. மன்னனின் ஆட்களால் தன் மக்களை இழந்தவளாகக் காட்டியது. நீலிக்கு நீதி கேட்ட அதே படத்தில், பெங்களூர்ப் பெண்களை இழிவுபடுத்தும் ஒரு வசனம் வந்ததென்று கர்நாடகத்தில் எதிர்ப்பு எழுந்தது. படம் எடுத்தவர்கள் வருத்தம் தெரிவித்து, வசனத்தை மாற்றுவதாகச் சொன்னார்கள். எதிர்த்ததும் சரி, திருத்தியதும் சரி. கேட்டால் மாறும் என்பதற்கு அது சான்று.

நாம் செய்யவேண்டியது

பேய்ப்படம் பார்க்காதே என்று தடை போட நாம் வரவில்லை. தடை போட்டால் பிள்ளைகள் போர்வைக்குள் பார்ப்பார்கள். கூட உட்கார்ந்து பார்ப்போம். முடிந்ததும் அந்த மூன்று கேள்விகளையும் கேட்போம். கொன்றது யார்? பேய் எந்த மொழி பேசியது? அது அடங்கியதால் யாருக்கு இலாபம்? பத்து வயதுப் பிள்ளையும் பதில் சொல்லும். நம்மைவிட நன்றாகவே சொல்லும்.

இரண்டாவது, நம் பாட்டிமாருக்குத் தெரிந்த இசக்கி கதையை, நீலி கதையை, ஊர்ப் பெண்தெய்வங்களின் கதையை எழுதி வைப்போம். எப்படிச் செத்தாள் என்ற முதல் பாதியை விடாமல் எழுதுவோம். சங்கத்தின் இளைஞர்கள் இந்த வேலையை ஏற்கவேண்டும். வந்தவற்றை இந்த ஏட்டில் வெளியிடுவோம்.

மூன்றாவது, கைப்பேசியில் "பிள்ளை பிடிக்கிறவன்" என்று எந்தச் செய்தி வந்தாலும், யார் அனுப்பினாலும், அதை அடுத்தவருக்கு அனுப்பாமல் நிறுத்துவோம். அந்தச் செய்தியில் சொல்லப்படும் அந்நியன் நேற்று நாம்தான்.

நான்காவது, "நீலிக் கண்ணீர்" என்ற சொல்லை நம் வாயிலிருந்து எடுத்துவிடுவோம். அழுகிற பெண்ணிடம் என்ன நடந்தது என்று முதலில் கேட்போம்.

மலையாள உழைப்பாளி மக்கள் நம் பகைவர் அல்லர். நாமும் வங்காளத் தொழிலாளிக்குப் பகைவர் அல்ல. ஒரே சந்தையில் ஒரே மூட்டையைத் தூக்குகிறவர்கள் ஒருவரையொருவர் பேயாகப் பார்க்கும் வரையில், மூட்டைக்குச் சொந்தக்காரருக்குக் கவலையே இல்லை.

திரும்பவும் வருவோம் என்று ஒரு கிழவியைப் பற்றிச் சொன்னோம். அவளுக்கு மந்திரம் தெரியாது, படிப்பும் கிடையாது. தன் வீட்டுக்கு வந்தவள் எந்த ஊர், என்ன சாதி, எத்தனை பேரைக் கொன்றவள் என்று அவள் கேட்கவில்லை. தலையில் கை வைத்தாள், ஆணி இருந்தது, பிடுங்கினாள். நம் சங்கத்துக்கு வேண்டியது அந்தக் கை.